தொலைநோக்கி வாங்க முன்: குறைந்த செலவில் வானியல் கற்கும் வழி

ஷஃபான் 29இலும் ரமழான் 29இலும் மக்ரிப் வேளையில் நமது ஊர்களில் சிறியவர் பெரியவர் எல்லோரும் மேற்கு வானத்தைப் பார்க்கிறோம். கடற்கரையிலும் வயல் வெளியிலும் மொட்டை மாடியிலும் நின்று பிறை தேடுகிறோம். பின்னர் கொழும்பு பெரிய பள்ளிவாசலின் அறிவித்தல் வரும் வரை கைபேசியோடு காத்திருக்கிறோம். அறிவித்தல் வந்த அடுத்த நாளே அந்த வானத்தை மறந்து விடுகிறோம்.

பாடசாலை மேடைகளில் இப்னுல் ஹைதம், அல்-பிரூனி, உலூக் பேக் ஆகிய பெயர்களைப் பெருமையோடு சொல்கிறோம். ஆனால் அந்தப் பேச்சுக்குப் பரிசு பெற்ற மாணவனிடம், "இன்று இரவு வியாழன் எந்தப் பக்கத்தில் தெரியும்?" என்று கேட்டால் பதில் வராது. அவனைக் குறை சொல்ல முடியாது. அவனுக்கு யாரும் காட்டித் தரவில்லை.

ஏன் காட்டித் தரவில்லை என்று பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "தொலைநோக்கி வாங்க வசதியில்லை." இந்தப் பதிலில்தான் பிழை இருக்கிறது. வானியல் தொலைநோக்கியில் ஆரம்பிப்பதில்லை. கண்ணில் ஆரம்பித்து, பைனோகுலருக்கு வந்து, அதன் பிறகே தொலைநோக்கிக்குப் போக வேண்டும். இந்த வரிசையில் போகிறவருக்கு முதல் வருடம் ஒரு சதமும் செலவில்லை. வரிசையைத் தலைகீழாக மாற்றுகிறவர் பணத்தையும் இழக்கிறார், பிள்ளையின் ஆர்வத்தையும் இழக்கிறார்.

நாட்காட்டி நம் வீட்டிலேயே இருக்கிறது

வானம் பார்ப்பவருக்கு முதலில் தெரிய வேண்டியது இன்று சந்திரன் எந்த நிலையில் இருக்கிறது என்பது. மற்றவர்கள் இதற்காகத் தனி அட்டவணை தேடுவார்கள். நமக்கு ஹிஜ்ரி திகதியே போதும்.

பிறை 3 முதல் 10 வரை மாலையில் சந்திரனையே பாருங்கள். குறிப்பாக 7, 8ஆம் நாட்களில் பாதிச் சந்திரன் தலைக்கு மேலே நிற்கும். ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டின் ஓரத்தில் மலைகளின் நிழல் நீண்டு விழுவதால் அங்குள்ள குழிகள் அந்த நாட்களில்தான் தெளிவாகத் தெரியும். 14, 15இல் சந்திரன் அழகாக இருந்தாலும் நிழலே இல்லாததால் அதில் பார்க்க அதிகம் இருக்காது. அந்த வெளிச்சத்தில் மங்கலான நட்சத்திரங்களும் மறைந்து போகும். 19, 20க்குப் பிறகு சந்திரன் இரவு ஒன்பது, பத்து மணி கடந்தே உதிக்கும். அப்போதிருந்து மாத முடிவு வரை முன்னிரவு இருட்டாக இருக்கும். நட்சத்திரங்களைப் பார்க்க உரிய காலம் அதுதான்.

நேரத்துக்கும் தனிக் கணக்குத் தேவையில்லை. சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 பாகை இறங்கினால்தான் வானம் முழுமையாக இருளும். நமது நாட்டில் அதற்குச் சூரியன் மறைந்ததிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரமும் கால் மணியும் எடுக்கும். இஷாத் தொழுகை முடிந்து வெளியே வரும்போது வானம் தயாராக இருக்கிறது.

கண்களும் தயாராக வேண்டும். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்த கண் முழுமையாகப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் வேண்டும். இடையில் ஒரு தடவை கைபேசியின் வெள்ளை வெளிச்சத்தைப் பார்த்தாலும் அந்தப் பழக்கம் கலைந்து விடும். டோர்ச் லைட்டின் முகப்பில் சிவப்பு நிறக் கண்ணாடித் தாளை இரண்டு மூன்று மடிப்பாகக் கட்டிக்கொண்டால் கண்ணுக்குத் தொந்தரவு குறையும்.

மழைக்காலத்தையும் கவனத்தில் கொள்ள வேண்டும். பொத்துவில், அக்கரைப்பற்று, காத்தான்குடிப் பக்கங்களில் மே முதல் செப்டம்பர் வரை வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். பேருவளை, கொழும்பு, மாவனல்லைப் பக்கத்தவர்களுக்கு ஜனவரி முதல் மார்ச் வரையான காலம் நல்லது.

எதைப் பார்ப்பது?

இலங்கை பூமத்திய ரேகைக்கு மிக அருகில், வடக்கே 6 முதல் 10 பாகைக்குள் இருக்கிறது. இதனால் வட வானமும் தென் வானமும் நமக்குத் தெரிகின்றன. விலையுயர்ந்த தொலைநோக்கி வைத்திருக்கும் பிரித்தானிய ஆர்வலர் ஒருவர் தம் வீட்டிலிருந்து பார்க்கவே முடியாத தென் சிலுவையை, பொத்துவில் கடற்கரையில் வெறும் கண்ணால் பார்க்கலாம்.

ஆரம்பத்துக்கு நான்கு இலக்குகள் போதும். ஜனவரி, பெப்ரவரி முன்னிரவில் உச்சி வானத்துக்கு அருகே ஒரே கோட்டில் மூன்று நட்சத்திரங்கள் நிற்கும். அது ஒரையன் எனும் வேடனின் இடைப்பட்டி. மே மாதம் ஒன்பது மணியளவில் தெற்கே பார்த்தால் தென் சிலுவை நிமிர்ந்து நிற்கும். ஜூலை, ஓகஸ்ட்டில் தெற்கு வானத்தில் கொக்கி போல வளைந்த வாலோடு விருச்சிகம் தெரியும். நவம்பர் முதல் கார்த்திகைக் கூட்டம் கிழக்கில் ஏறி வரும்.

பெயர்களைப் பழகும்போது ஒரு விடயம் தெரிய வரும். கார்த்திகைக் கூட்டத்துக்கு அரபியில் ஸுரையா என்று பெயர். அதன் பின்னாலேயே உதிக்கும் செந்நிற நட்சத்திரத்தை அரபிகள் "பின்தொடர்பவன்" என்ற பொருளில் அத்-தபரான் என்றார்கள். இன்று உலகம் முழுவதும் அது அல்தெபரான். தமிழில் அதுவே ரோகிணி. பெப்ரவரியில் தெற்கே பளிச்சென்று நிற்கும் அகத்தியர் நட்சத்திரம் அரபியில் சுஹைல். நமது வகுப்பு வரவுப் பதிவேட்டில் சுஹைலும் சுரையாவும் இருக்கிறார்கள். தங்கள் பெயருக்குரிய நட்சத்திரத்தைப் பார்த்திருக்கிறார்களா என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

கைபேசி வைத்திருப்பவர்கள் ஸ்டெல்லேரியம் என்ற மென்பொருளைப் பயன்படுத்தலாம். கணினிக்கான பதிப்பு முற்றிலும் இலவசம். ஊரையும் நேரத்தையும் கொடுத்தால் அன்றைய வானத்தை அப்படியே காட்டும். வீட்டுக்குள் அதைப் பார்த்துப் படித்துவிட்டு, வெளியே வந்து கண்ணால் தேடுவதே சிறந்த முறை.

கோணம் அளக்கக் கையே போதும். கையை முழுமையாக நீட்டினால் சுண்டு விரலின் அகலம் ஏறத்தாழ 1 பாகை. மூடிய முஷ்டி 10 பாகை. சந்திரனின் அகலம் அரைப் பாகைதான், சுண்டு விரலாலேயே அதை மறைத்து விடலாம். ஒரு கொப்பியில் திகதி, நேரம், பார்த்தது, வரைபடம் ஆகியவற்றைக் குறித்து வைக்கப் பழக்குங்கள். ஒரு கோள் நட்சத்திரங்களுக்கிடையே நகர்வதை அந்தக் கொப்பியிலிருந்து தானே கண்டுபிடித்த பிள்ளை, பாடப்புத்தகத்தில் அதை மனனமிடத் தேவையில்லை.

பகலுக்கு ஒரு தடி

நேரான ஒரு தடியைத் தரையில் செங்குத்தாக நட்டால் அதுவும் ஒரு வானியல் கருவிதான். வருடத்தில் இரண்டு தடவை சூரியன் நமது நாட்டுக்கு நேர் மேலே வருகிறது. ஏப்ரல் 5 முதல் 15 வரை அளவில் தெற்கிலிருந்து வடக்காகவும், ஓகஸ்ட் இறுதியிலிருந்து செப்டம்பர் முதல் வாரம் வரை வடக்கிலிருந்து தெற்காகவும் அது நகர்ந்து செல்லும். உங்கள் ஊருக்குரிய நாளில் நண்பகல் 12 மணி கடந்து சில நிமிடங்களில் தடியின் நிழல் காணாமல் போகும்.

இன்னொன்று, மே 27, 28 திகதிகளிலும் ஜூலை 15, 16 திகதிகளிலும் சூரியன் மக்காவில் கஃபாவுக்கு நேர் மேலே வருகிறது. இலங்கை நேரப்படி மே மாதம் பிற்பகல் 2.48, ஜூலையில் பிற்பகல் 2.57. அந்த நிமிடத்தில் உங்கள் முற்றத்துத் தடியின் நிழல் விழும் திசைக்கு நேர் எதிர்த் திசைதான் கிப்லா. இதற்குத் திசைகாட்டியோ கைபேசியோ வேண்டாம். பூமி கோளமானது என்பதையும் சூரியனின் பாதையையும் ஒரே பாடத்தில் விளக்க இதை விட நல்ல செயற்பாடு எனக்குத் தெரியவில்லை.

முதல் செலவு: பைனோகுலர்

ஐந்தாறு மாதம் வெறும் கண்ணால் பார்த்த பிறகும் பிள்ளையின் ஆர்வம் குறையவில்லை என்றால் அப்போது பணம் செலவழிக்கலாம். அந்தப் பணத்தைப் பைனோகுலருக்குக் கொடுங்கள். சாதாரண தரத்திலான ஒன்று, நடுத்தரக் கைபேசி ஒன்றின் விலையைத் தாண்டாது.

அதில் 7×50, 10×50 என்று இரண்டு இலக்கங்கள் இருக்கும். முதலாவது எத்தனை மடங்கு பெருக்கும் என்பது. இரண்டாவது முன் வில்லையின் விட்டம், மில்லிமீற்றரில். வானத்துக்கு இரண்டாவது இலக்கமே முக்கியம். இருட்டில் நமது கண்மணி அதிகபட்சம் 7 மில்லிமீற்றர் அளவுக்கு விரியும். 50 மில்லிமீற்றர் வில்லை அதை விட ஏறத்தாழ 50 மடங்கு ஒளியைச் சேர்க்கிறது. பெருக்கம் 10ஐத் தாண்டினால் கை நடுக்கமும் பெருகும், கையில் பிடித்துப் பார்க்க முடியாது. பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் வகையையும், சிவப்பு நிறத்தில் மின்னும் வில்லை உள்ளவற்றையும் தவிர்த்து விடுங்கள்.

1610 ஜனவரியில் கலிலியோ வியாழனின் நான்கு சந்திரன்களைக் கண்டபோது அவரிடம் இருந்தது ஏறத்தாழ 20 மடங்கு பெருக்கும் குழாய். அதன் வில்லை இன்றைய பைனோகுலரின் வில்லையை விடத் தரத்தில் மிகக் குறைந்தது. அதே நான்கு சந்திரன்களையும் நீங்கள் 10×50 பைனோகுலரில் பார்க்கலாம். ஒரு மணி நேரம் விட்டுப் பார்த்தால் அவற்றில் ஏதேனும் ஒன்று சற்று இடம் மாறியிருப்பதும் தெரியலாம். சந்திரனின் குழிகள், ஸுரையாக் கூட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத டசின் கணக்கான நட்சத்திரங்கள், ஒரையன் நெபுலாவின் புகை போன்ற ஒளி எல்லாம் இதில் கிடைக்கும். மே மாதம் தென் சிலுவைக்குக் கிழக்கே பஞ்சுப் பொட்டுப் போலத் தெரியும் ஒமேகா சென்டோரி, இலட்சக்கணக்கான நட்சத்திரங்கள் திரண்ட ஒரு பந்து. நவம்பரில் வடக்கு வானத்தில் அந்திரோமீடாவைத் தேடலாம். ஈரானில் வாழ்ந்த அப்துர் ரஹ்மான் அஸ்-ஸூஃபி, 964ஆம் ஆண்டளவில் எழுதிய நட்சத்திர நூலில் அதை ஒரு சிறு மேகம் என்று பதிவு செய்தார். நமது பால்வீதிக்கு வெளியே ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டு தொலைவில் உள்ள இன்னொரு நட்சத்திர மண்டலம் அது என்பது 20ஆம் நூற்றாண்டில்தான் உறுதியானது.

பைனோகுலரைக் கையில் ஆடாமல் பிடிக்கப் பாயில் மல்லாந்து படுங்கள், அல்லது முழங்கைகளை மதிலில் ஊன்றிக்கொள்ளுங்கள். நமது ஈரக் காலநிலையில் வில்லைக்குள் பூஞ்சணம் பிடிப்பதே இதன் பெரிய எதிரி. காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொதிகளோடு வைத்தால் நீண்ட காலம் உழைக்கும். பழையது ஒன்றை வாங்குவதாயின் வில்லையில் பூஞ்சணம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரு கண்ணாலும் பார்க்கும்போது காட்சி இரண்டாகத் தெரிந்தால் வாங்க வேண்டாம்.

பணத்தை விழுங்கும் பெட்டி

கடைகளிலும் இணைய விற்பனைத் தளங்களிலும் அழகிய வர்ணப் பெட்டியில் சனிக் கோளின் படத்தோடு "525 மடங்கு", "675 மடங்கு" என்று அச்சிட்ட சிறிய தொலைநோக்கிகள் விற்கப்படுகின்றன. பெருநாளைக்கும் பிறந்த நாளுக்கும் பெற்றோர் ஆசையோடு வாங்கிக் கொடுப்பது பெரும்பாலும் இதைத்தான்.

கணக்கு எளிமையானது. ஒரு தொலைநோக்கியின் பயன்படும் உருப்பெருக்கம், அதன் வில்லை அல்லது ஆடியின் விட்டத்தில் ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் அதிகபட்சம் 2 மடங்கு. 60 மில்லிமீற்றர் வில்லை என்றால் 120 மடங்கு. அதற்கு மேல் போனால் காட்சி பெரிதாகும், ஆனால் மங்கிக் கலங்கிப் போகும். இதோடு மெல்லிய கால்களும் சேர்ந்தால் தொட்டவுடன் முழுக் காட்சியும் ஆடும். பிள்ளை மூன்று இரவு முயற்சி செய்து, எதுவும் தெரியாமல், வானியல் தனக்குச் சரிவராது என்று முடிவு கட்டிவிடும். இழந்த பணத்தைத் திரும்ப உழைக்கலாம். அந்த முடிவை மாற்றுவதுதான் கஷ்டம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. சில பெட்டிகளில் கண் வைக்கும் பகுதியில் திருகும் சிறிய கறுப்புக் கண்ணாடி, சூரியனைப் பார்க்கவென்று சேர்த்துத் தரப்படும். அதை அன்றே உடைத்தெறியுங்கள். குவிந்த வெப்பத்தில் அது வெடித்தால் கண் ஒரு நொடியில் போய்விடும். தொலைநோக்கியாலோ பைனோகுலராலோ சூரியனை ஒருபோதும் பார்க்கக் கூடாது. 2010 ஜனவரி 15இலும் 2019 டிசம்பர் 26இலும் வடக்கில் கங்கணச் சூரிய கிரகணம் தெரிந்தது. அது போன்ற வேளைகளில் அட்டையில் ஊசித் துளை போட்டு இன்னோர் அட்டையில் விழும் விம்பத்தைப் பார்ப்பதே செலவில்லாத பாதுகாப்பான வழி.

தொலைநோக்கி: ஒரு வீட்டுக்கு ஒன்று வேண்டாம்

இரண்டாம், மூன்றாம் வருடத்தில் தொலைநோக்கிக்கு வருவோம். குறைந்த பணத்தில் அதிக ஒளி தருவது டொப்சோனியன் வகை. அமெரிக்காவின் ஜோன் டொப்சன் (1915–2014) பழைய கப்பல் கண்ணாடி, கட்டட வேலைக்குரிய அட்டைக் குழாய், ஒட்டுப்பலகை ஆகியவற்றைக் கொண்டு பெரிய தொலைநோக்கிகளைச் செய்து, 1968 முதல் சன் பிரான்சிஸ்கோவின் நடைபாதைகளில் வைத்து, போவோர் வருவோருக்கெல்லாம் சந்திரனையும் சனியையும் காட்டினார். அவருடைய எளிய பலகைத் தாங்கியே இன்று உலகெங்கும் அவர் பெயரில் விற்கப்படுகிறது.

150 மில்லிமீற்றர் ஆடி கொண்ட இவ்வகைத் தொலைநோக்கி, 60 மில்லிமீற்றர் வில்லையை விட ஆறு மடங்குக்கு மேல் ஒளி சேர்க்கும். சனியின் வளையம் இதில் தெளிவாகத் தெரியும். 2025இல் அந்த வளையம் விளிம்பை நமக்குக் காட்டி மெல்லிய கோடாகிப் போயிருந்தது. அதன் பின் வருடந்தோறும் விரிந்து 2032 அளவில் முழுமையாகத் திறக்கும். இன்று தரம் 6இல் இருக்கும் பிள்ளை உயர்தரம் முடிக்கும் காலத்துக்குள் அந்த முழு மாற்றத்தையும் தன் கொப்பியில் வரைந்து முடிக்கலாம்.

இதன் விலை ஒரு குடும்பத்துக்குப் பாரம்தான். ஆனால் ஒரு தொலைநோக்கியை ஒரு குடும்பம் மாதத்தில் நான்கு இரவு பயன்படுத்தினால் பெரிய விடயம். ஆகவே இதைப் பாடசாலை விஞ்ஞான மன்றமோ பழைய மாணவர் சங்கமோ ஊர் நூலகமோ பொதுவில் வாங்குவது பொருத்தம். வாங்கிப் பூட்டி வைக்காமல், மாதம் ஒரு முறை பிறை 7, 8இல் இஷாவுக்குப் பின் முற்றத்தில் வைக்க ஓர் ஆசிரியர் பொறுப்பெடுக்க வேண்டும். பெண் பிள்ளைகளும் தாய்மாரும் வந்து பார்க்கத் தனி நேரம் ஒதுக்குங்கள். இரவில் வெளியே போக முடியாத பிள்ளைகளுக்கு வீட்டு மொட்டை மாடியும் பைனோகுலரும் போதுமான அவதான நிலையம்.

அதற்கு மேல் ஆர்வம் உள்ளவர்களை 1965 முதல் இயங்கும் கொழும்புக் கோள்மண்டலத்துக்குக் கூட்டிச் செல்லலாம். மொரட்டுவை கட்டுபெத்தையில் உள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவனமும் வானியலில் ஈடுபட்டுள்ளது. சர்வதேச வானியல் ஒலிம்பியாட்டுக்கு இலங்கை மாணவர்களும் செல்கிறார்கள். நம் பிள்ளைகளும் அந்தப் போட்டிக்கு முயற்சிக்கத் தடையேதும் இல்லை.

பிறை தேடும் மாலையில் இதன் பயன்

பிறை பற்றிய மார்க்கத் தீர்ப்பு உலமாக்களுக்குரியது. அதில் நான் தலையிடவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்புக்குச் சாட்சி சொல்ல வருபவர் வானத்தைப் பழகியவராக இருந்தால் எல்லோருக்கும் இலகு.

அமாவாசைக்குப் பின் சந்திரன் சூரியனை விட்டு ஒரு நாளில் ஏறத்தாழ 12 பாகை விலகுகிறது. இடைவெளி 7 பாகையளவுக்குக் குறைவாக இருந்தால் பிறை தென்படாது என்பதை 1930களில் பிரெஞ்சு வானியலாளர் ஆந்த்ரே டாஞ்சோன் எடுத்துக்காட்டினார். பிறையின் ஒளிரும் பக்கம் எப்போதும் மறைந்த சூரியனை நோக்கியே இருக்கும். எனவே நமது நாட்டில் தலைப்பிறை பெரும்பாலும் தோணி போல, முனைகள் மேல்நோக்கிக் கிடக்கும். முனைகள் அடிவானத்தை நோக்கி இருந்ததாக ஒருவர் சொன்னால் அவர் பார்த்தது மேகத் துண்டாகவோ விமானப் புகையாகவோ இருக்கலாம். தனி ஒளிப் புள்ளியைக் கண்டதாகச் சொன்னால் அது வெள்ளியாக இருக்கலாம். மாதந்தோறும் பிறை பார்த்துப் பழகியவர் இந்தத் தவறுகளைச் செய்ய மாட்டார். பைனோகுலர் இருப்பவர்கள் சூரியன் முழுமையாக மறைந்த பின்னரே அதை மேற்கு நோக்கித் திருப்ப வேண்டும்.

ரமழானுக்காகவும் பெருநாளுக்காகவும் மட்டும் மேற்கே பார்ப்பதை விட்டு, எல்லா மாதத் தலைப்பிறையையும் தேடிப் பாருங்கள். வரும் மாதத்தின் 29ஆம் நாள் மாலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வாருங்கள். அன்று தெரியாவிட்டால் அடுத்த நாள் நிச்சயம் தெரியும், வானம் தெளிவாக இருந்தால். கையில் ஒரு கொப்பியும் பென்சிலும் இருக்கட்டும். இப்போதைக்கு வேறு எதுவும் வாங்க வேண்டாம்.